கூடம் கொஞ்சம் கோணல்

அண்ணனுக்கு வலது கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துகொண்டிருந்த மாதம் அது. ஒரு நாள் காலையில் தேநீர்க் கோப்பையை எடுக்கப் போனபோது விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மூளையில் கடுகளவு ரத்தக்கட்டு என்றார்கள். அண்ணி பதறாமல் அரை மணியில் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்ததால் வாய் கோணவில்லை, கால் இழுக்கவில்லை. கை மட்டும், யாரோ இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தந்த பொருள்போல, என்னவோ ஒன்று மாறித் திரும்பியது.

அண்ணனுக்குக் கைதான் பிழைப்பு. கட்டடங்கள் எழும் இடத்தில் கொக்குபோல நிற்குமே, அந்தக் கோபுரக் கிரேனை ஓட்டுகிறவன். உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கைக்கு ஒரு லீவராகப் பிடித்துக்கொண்டு, இரண்டு டன் இரும்புக் கம்பியைப் பூனைக்குட்டியை இறக்கிவிடுவதுபோல மாடியில் இறக்குவான். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு ஜன்னல் கண்ணாடிகூட உடைந்ததில்லை. அப்பேர்ப்பட்டவனுக்கு இப்போது சட்டைப் பொத்தான் போடுவதே ஒரு வேலையாக இருந்தது.

அவனுக்கு நான்கு வயது இளைய தங்கை மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். "இது தெளிவா, அது தெளிவா?" என்று நாளெல்லாம் கேட்டுக் கேட்டு, துணிக்கடைக்குப் போனாலும் அதே குரலில்தான் கேட்பாள். அதனால் அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் 'கண்ணாடி'. அண்ணியும் அப்படியே கூப்பிட ஆரம்பிக்க, கடைசியில் சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மிஞ்சியது.

கைக்குப் பயிற்சி கொடுத்த பிசியோ ஒரு நாள் கண்ணாடியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். "ரப்பர் பந்தையே அமுக்கிட்டு இருந்தா யாருக்குத்தான் சலிக்காது? அவருக்குப் பிடிச்ச வேலை எதையாவது கைக்குக் குடுங்க. ஆசைப்பட்டு அசைச்சாதான் கை சீக்கிரம் வரும்."

பிடித்த வேலை என்றதும் கண்ணாடிக்குக் குடைக்காரன் நினைவுக்கு வந்தான். அண்ணனுக்குப் பதினான்கு, அவளுக்குப் பத்து வயதாக இருந்தபோது வீட்டுக்கு வந்த கேம் பெட்டி. கூட வந்தது ஒரே ஒரு கேசட். அதன்மேல் எழுதியிருந்த மொழி வீட்டில் யாருக்கும் தெரியாது. குடையோடு ஒரு குள்ளன் ஒன்றன்பின் ஒன்றாக வரும் உடைந்த பாலங்களில் ஓடுவான்; அதனால் அவன் பெயர் குடைக்காரன். முதல் பாலத்தில் பலகைகளுக்கு நடுவே மூன்று இடைவெளி. அந்த மூன்று இடைவெளியையும் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டே தாண்டுவான். பந்தயம் கட்டித் தங்கையின் அழிரப்பர் எல்லாவற்றையும் ஜெயித்தது அப்படித்தான்.

பெட்டி அவள் வீட்டு அலமாரியில் ஒரு செருப்பு டப்பாவுக்குள் பத்திரமாக இருந்தது. அண்ணன் வீட்டு டிவியோ சுவர் முழுக்கப் பரந்த புது டிவி. பழைய பெட்டியின் மஞ்சள் வயரைச் செருக அதில் இடமே இல்லை. அண்ணிதான் தேடிப் பிடித்து, தீப்பெட்டி அளவுக்கு ஒரு கன்வெர்ட்டர் வாங்கி வந்தாள். அதைப் பூப்போட்ட காகிதத்தில் சுற்றி, ஏதோ மோதிரம் கொடுப்பதுபோல அண்ணன் கையில் வைத்தாள்.

ஞாயிறு மதியம் மூவரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். படம் வந்தது. குடைக்காரன் சோப்புத் தண்ணீருக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பதுபோல இருந்தான், ஆனாலும் அவன்தான். அண்ணன் முகத்தில் ஆறு வாரமாகக் காணாத சிரிப்பு வந்தது.

ஓடினான். முதல் இடைவெளியில் விழுந்தான்.

"சூடு ஏறட்டும்" என்றான் அண்ணன். மறுபடி ஓடினான். மறுபடி அதே இடத்தில் விழுந்தான். எட்டுத் தடவை. ஒரு தடவைகூட எதிர்ப்பலகையில் கால் படவில்லை. ஒன்பதாவது தடவை ஆட்டம் தொடங்கியபோது அண்ணன் பொத்தானைத் தொடவே இல்லை. கன்ட்ரோலரை, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல, மெதுவாக மேசையில் வைத்தான்.

"கை வரல. விடுங்க."

கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அப்படிச் சாதுவாகச் சொன்னதுதான் இரண்டு பெண்களையும் பயமுறுத்தியது. அதோடு நிற்கவில்லை. திங்கள்கிழமை பிசியோவிடம் போகவில்லை, புதன்கிழமையும் போகவில்லை. ரப்பர் பந்து சோபாவுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

"என்னங்க, டாக்டர் திட்டுவாரு" என்று அண்ணி சொல்லிப் பார்த்தாள்.

"பொறந்ததுலேர்ந்து தெரிஞ்ச கை அது. அதோட நிலவரம் எனக்குத் தெரியாதா?" என்றான் அண்ணன்.

அடுத்த ஞாயிறு கண்ணாடி வந்தபோது அண்ணன் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தான். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். யோசனையைச் சொல்லி அண்ணனைக் குழியில் தள்ளியதே தான்தானே என்ற உறுத்தல் கண்ணாடிக்கு வாரம் முழுக்க இருந்தது. சும்மா டிவியைப் போட்டு, கன்ட்ரோலரை எடுத்து ஓடிப் பார்த்தாள்.

விழுந்தாள்.

அவளும் அந்த நாளில் கைதேர்ந்தவள்தான். கண்ணை மூடித் தாண்ட வராதே தவிர, திறந்துகொண்டு தாண்டாத நாளில்லை. மறுபடி ஓடினாள், விழுந்தாள். ஐந்து தடவை. 'எனக்குமா ரத்தக்கட்டு?' என்று ஒரு கணம் பகீரென்றது. பிறகு தொழில் புத்தி விழித்துக்கொண்டது. கடைக்கு வந்தவருக்கு எழுத்து தெரியவில்லை என்றால் கண்ணை மட்டும் குறை சொல்ல முடியாது. அட்டையில் வெளிச்சம் விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இடைவெளியை விட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே குதிக்கும் பொத்தானை அமுக்கினாள். விரலுக்கடியில் 'டிக்'. அப்புறம்தான் குடைக்காரன் எழும்பினான். டிக். அப்புறம். டிக். அப்புறம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அந்த 'அப்புறம்' ஒவ்வொரு தடவையும் இருந்தது.

போனை மேசையில் சாய்த்து வைத்து, கட்டைவிரலும் டிவியும் ஒன்றாகத் தெரியும்படி நொடிக்கு இருநூற்று நாற்பது படம் பிடிக்கும் மெதுவோட்ட வீடியோ எடுத்தாள். பிறகு படம் படமாக நகர்த்தி எண்ணினாள். விரல் இறங்கியதிலிருந்து குடைக்காரனின் கால் பலகையைவிட்டுக் கிளம்ப நாற்பது படம். வெறும் ஆறில் ஒரு நொடி. ஆனால் ஓடுகிற குடைக்காரன் அதற்குள் பாலத்தைவிட்டுப் போய்ச் சேர்ந்துவிடுவான்.

"அண்ணி, நீங்க கொஞ்சம் ஆடுங்களேன்."

"நானா? எனக்கு அந்தக் குடையைப் புடிக்கவே தெரியாது."

"தெரியாதவங்கதான் வேணும்."

அண்ணியும் விழுந்தாள். ஆனால் அவள் எங்கே ஆடினாலும் விழுவாள் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அண்ணன் பிடரி பளபளக்க வந்து சேர்ந்ததும் கண்ணாடி ஆரம்பித்தாள். "அண்ணா, உன் கை மேல தப்பில்ல. டிவி மேலதான் தப்பு. நீ சொல்றது அதுக்குத் தாமதமாக் கேக்குது."

அண்ணன் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"கூடம் நெஜமாவே கோணல்ணா. எண்ணிப் பாத்தேன்."

"நீ என் தங்கச்சி. எனக்காக நிலாவையும் கோணல்னு சொல்லுவ." சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

கல்லில் நார் உரிக்கிற வேலை என்று கண்ணாடிக்குப் புரிந்தது. திங்கட்கிழமை கடையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, பழைய கேம் பெட்டிகளை வாங்கி விற்றுப் பழுது பார்க்கும் ஒரு கடையைத் தேடிப் போனாள். மாடிப்படிக்கு அடியில் இருந்தது கடை. முப்பது வயதுக்காரி ஒருத்தி, நெற்றியில் பூதக்கண்ணாடி விளக்கோடு, ஒரு பெட்டியின் வயிற்றைத் திறந்துவைத்து ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி வீடியோவைக் காட்டியதும் அவள் சூட்டுக்கோலைக் கீழே வைத்துவிட்டாள்.

"நீங்களே படம் எண்ணுனீங்களா? இங்க வர்றவங்க 'என்னமோ சரியில்ல'ன்னு மட்டும்தான் சொல்லுவாங்க" என்றாள் மரியாதையோடு. பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். "உங்க பழைய பெட்டி அனுப்பறது சின்னப் படம். புது டிவிக்கு அந்தப் பேச்சே புரியாது. நடுவுல அந்தக் கன்வெர்ட்டர், ஒரு முழுப் படத்தை வாங்கி வச்சு, யோசிச்சு, பெருசாக்கித் தருது. அப்புறம் டிவி அதை வாங்கி, அதுவும் தன் பங்குக்கு யோசிச்சு மெருகு போடுது. ரெண்டு பேரும் யோசிச்சு முடிக்கறதுக்குள்ள உங்க ஆளு ஆத்துல."

"யோசிக்காத டப்பா இருக்கா?"

"இருக்கு. அப்ஸ்கேலர்னு சொல்வாங்க." அவள் அலமாரியிலிருந்து இரண்டை எடுத்து வைத்தாள். முதலாவது உள்ளங்கை அகலக் கறுப்புப் பெட்டி. "இது படத்தைச் சேத்து வைக்காது. ஒரு கோடு வந்தா அந்தக் கோட்டையே அஞ்சு கோடாக்கி அப்பவே அனுப்பிடும். ஆனா மஞ்சள் வயர் ஆகாது. நிறத்தைத் தனித்தனியாக் கொண்டுவர்ற வயர் வேணும். அது என்கிட்ட இருக்கு." இரண்டாவது பளபளவென்று, விசிறி வைத்தது. "இது எல்லா வித்தையும் காட்டும். பழைய டிவி மாதிரி கோடு போடும், வளைக்கும், நிறம் மாத்தும். விலையும் வித்தை காட்டும். ஒரே ஒரு பெட்டிக்கு இது தேவையில்லன்னு நான் சொல்லுவேன். வித்தா எனக்குத்தான் லாபம், இருந்தாலும் சொல்லுவேன்."

கண்ணாடிக்கு அவளை உடனே பிடித்துப் போயிற்று. தன் கடையிலும் தங்கச் சட்டத்தை எடுக்காதீர்கள் என்று சொல்லி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்பவள் அவள்.

"முதல்ல காசில்லாத வைத்தியம்" என்றாள் கடைக்காரப் பெண். "டிவி மெனுவுல கேம் மோடுன்னு ஒண்ணு இருக்கும், அதைப் போடுங்க. மெருகு போடற வேலையை டிவி விட்டுடும்."

அடுத்தது கன்ட்ரோலர். பழைய வயர் நாலடி. அண்ணன் இப்போது உட்காருவது கைப்பிடி வைத்த நாற்காலி. அது சுவரோரம் இருந்தது. வயர் எட்டுவதற்காகத் தரையில் குனிந்து உட்கார்ந்துதான் அன்றைக்கு ஆடினான். வயர்லெஸ் என்றால் அதிலும் தாமதம் வராதா என்று கண்ணாடி கேட்டாள்.

"ரகத்தைப் பொறுத்தது. இந்த அழகி இருக்காளே" என்று ஒரு வெள்ளை கன்ட்ரோலரைக் காட்டினாள் அவள், "ப்ளூடூத். போனோடயும் பேசுவா, கம்ப்யூட்டரோடயும் பேசுவா, அதனால கொஞ்சம் நிதானம். இந்தக் குண்டு இருக்கே, இது தன் சொந்த ரிசீவரோட மட்டும்தான் பேசும். வேற யாரும் தெரியாது. அதனால வேகம். ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. ஆடறவர் கைதான் முடிவு பண்ணணும். வேண்டாததை அடுத்த வாரம் கொண்டு வாங்க." குண்டு கன்ட்ரோலர், புதுத் துணிசோப்பின் நிறமும் பருமனுமாக இருந்தது.

பையைத் தூக்கிக்கொண்டு படியேறும்போதுதான் கண்ணாடிக்கு இன்னொரு சங்கடம் உறைத்தது. அண்ணி பூப்போட்ட காகிதத்தில் சுற்றிக் கொடுத்த பரிசுதான் பாதிக் குற்றவாளி. அதை எப்படிச் சொல்வது? சொல்லாமலே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தாள்.

புதன்கிழமை மாலை அண்ணன் கீழே நடைபோட இறங்கிய நேரம் பார்த்து அவள் போனாள். டிவிக்குப் பின்னால் தலையை விட்டு, தீப்பெட்டிக் கன்வெர்ட்டரைச் சத்தமில்லாமல் உருவிக்கொண்டிருந்தாள்.

"திருடறதுன்னா என்னையும் கூப்பிட்டிருக்கலாமே" என்று அண்ணியின் குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

கண்ணாடி எழும்பிய வேகத்தில் தலை சுவரில் இடித்தது. ஏதேதோ உளறினாள்: வயர் தளர்ந்துவிட்டது, தூசி தட்டினேன். அண்ணி கையைக் கட்டிக்கொண்டு, பொய் தீரும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் நாற்பது பேரை மேய்க்கிறவள். எந்தப் பொய் எத்தனை முழம் போகும் என்று அளந்து வைத்திருப்பவள்.

"சொல்லு. நான் வாங்குன டப்பாவா?"

"பாதி அண்ணி. பாதி டிவி. டப்பா கெட்ட டப்பா இல்ல. சினிமா பாக்க நல்லதுதான்..."

"நான் வாங்குன டப்பாதான் அவரை எட்டுத் தடவை தள்ளி விட்டுச்சா?"

கண்ணாடி தலையசைத்தாள். அண்ணி பக்கத்திலிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. கண்ணாடி பதறிப்போய் அருகே மண்டியிட்டாள். முந்தானையை விலக்கிப் பார்த்தால் அண்ணி அழவும் செய்தாள், சிரிக்கவும் செய்தாள்; எது எதைத் தள்ளிக்கொண்டு வந்தது என்று சொல்ல முடியவில்லை.

"பத்து நாளா, அந்தக் கை இனி இல்லன்னே நினைச்சுட்டேன்டி. அவர் முன்னால சிரிச்சுட்டு, துவைக்கிற மெஷின் சத்தத்துல போய் அழுதேன். டப்பா தப்புன்னா எவ்வளவு நல்லது! டப்பா இன்னொண்ணு வாங்கலாம். கை எந்தக் கடையில விக்குது?" மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சரி, எது எங்க செருகணும்? சொல்லு."

அண்ணன் வந்தபோது இரண்டு பெண்களும் சோபாவில் பூனைகள்போல உட்கார்ந்திருந்தார்கள். அவனுக்கு உடனே சந்தேகம்.

"எனக்காக நாடகம் போடாதீங்க. ஏதாவது சுலபமாக்கி வச்சிருப்பீங்க. நான் தாண்டுவேன், நீங்க கை தட்டுவீங்க. சின்னப் பிள்ளைக்குப் பண்ற மாதிரி."

"ஆட வேண்டாம்" என்றாள் கண்ணாடி. "சும்மா நின்ன இடத்துல குதி. படம் தெளிவான்னு பாக்காத, விரல் சொன்னது எப்பக் கேக்குதுன்னு மட்டும் பாரு. ரெண்டு பெட்டி இருக்கு. அண்ணி பின்னால மாத்தி மாத்திப் போடுவாங்க. எது எதுன்னு எனக்கே தெரியாது. நீ சொல்லு: ஒண்ணா, ரெண்டா?"

கடையில் அவள் கேட்கும் அதே குரல். அண்ணனுக்கு வேண்டாவெறுப்பாகச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து, பேட்டரி போட்ட குண்டு கன்ட்ரோலரை மடியில் வாங்கிக்கொண்டான். அண்ணி டிவிக்குப் பின்னால் மறைந்தாள்; வளையல் சத்தம் மட்டும் வந்தது.

"ஒண்ணு" என்று அங்கிருந்து குரல் வந்தது.

அண்ணன் பொத்தானை அமுக்கினான். குடைக்காரன் குதித்தான்.

"ரெண்டு."

அமுக்கினான். குதித்தான். அண்ணனின் முதுகு நாற்காலியிலிருந்து நிமிர்ந்தது.

"மறுபடி ரெண்டு போடு." அமுக்கினான். "ஒண்ணு போடு." அமுக்கினான். அவன் முகத்தில் கண்ணாடி பார்த்தது சந்தோஷமல்ல. கிரேன் கூண்டில் ஏறியதும் வருகிற முகம். "ஒண்ணு, கயிறு தளர்ந்த கிரேன். லீவரை இழுத்தா கொக்கி யோசிச்சுட்டு வருது. அப்படி ஒரு கிரேனை எனக்குக் குடுத்தா நான் இறங்கி வந்து பூட்டுப் போட்டுருவேன். ரெண்டு, இழுத்ததும் வருது." அதற்குப் பிறகு அண்ணி எண்ணைச் சொல்லாமலே மாற்றி மாற்றிப் போட, ஒன்றா இரண்டா என்று அவனே ஒவ்வொரு தடவையும் சொன்னான்.

"பத்துத் தடவை மாத்திட்டேன், பத்தும் சரியாச் சொன்னாரு!" என்று டிவிக்குப் பின்னாலிருந்து தூசி படிந்த தலை எட்டிப் பார்த்தது.

உண்மையில் ஏழு தடவைதான். யாரும் திருத்தவில்லை.

அண்ணன் உடனே பாலத்தை ஓடவில்லை. முதலில் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தான். எந்த வயர் எதற்கு, டிவியில் போட்ட கேம் மோடு என்ன செய்கிறது, ஏன் அஞ்சு கோடு, ஏன் நாலு கோடு இல்லை என்று குடைந்தான். அப்புறம் படத்தைப் பற்றிச் சண்டை. கண்ணாடிக்கு ஒவ்வொரு புள்ளியும் கத்தியால் வெட்டியதுபோல இருக்க வேண்டும். குடையின் கம்பிகளை இன்றைக்குத்தான் முதன்முதலாக எண்ண முடிகிறது, ஆறு கம்பி. அண்ணனுக்கு அது முகத்தில் அறைவதுபோல இருந்தது. பழைய டிவியில் இருந்ததுபோலக் குறுக்கே மெல்லிய கோடு வேண்டும் என்றான். அந்தப் பெட்டியிலும் எளிமையாகக் கோடு போடும் வசதி ஒன்று இருந்தது. அண்ணியின் கட்சி வேறு.

"இவ்வளவு பெரிய டிவி வாங்கி ரெண்டு பக்கமும் கறுப்பா விட்டா எப்படி? இழுத்து முழுசாப் போடுங்க."

இழுத்துப் போட்டார்கள். குடைக்காரன் ஒரே நொடியில் தாராளமாகச் சாப்பிட்ட ஆள்போலப் பருத்துவிட்டான்; குடை படகுபோல விரிந்தது.

"ஐயோ பாவம், இவன் எப்படித் தாண்டுவான்?" என்றாள் அண்ணி. கறுப்பு இரண்டு பக்கமும் திரும்பி வந்தது. கோடுகள் இருக்கட்டும், ஆனால் லேசாக என்று சமாதானம் ஆயிற்று.

கன்ட்ரோலரில் சண்டையே வரவில்லை. வெள்ளை அழகியை அண்ணன் ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்தான். "வழுக்குது. பொத்தான் எங்க முடியுது, விரல் எங்க தொடங்குதுன்னு கைக்குத் தெரியல." குண்டை எடுத்தான். வலது உள்ளங்கை அதைச் சுற்றி அப்படியே உட்கார்ந்தது. "அழகு இல்ல. ஆனா நம்ம ஆளு."

பிறகு ஓடினான்.

முதல் இடைவெளியில் விழுந்தான். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது தடவையும் விழுந்தான். ஆனால் கண்ணாடி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், ஒவ்வொரு தடவையும் கால் எதிர்ப்பலகைக்குக் கொஞ்சம் கிட்டத்தில் போயிற்று. ஐந்தாவது தடவை குடைக்காரன் அந்தப் பக்கம் இறங்கினான். அண்ணி கைதட்டப் போய், அவன் சொன்னது நினைவுக்கு வந்து, கைகளை அக்குளில் மறைத்துக்கொண்டாள். இரண்டாவது இடைவெளியில் அவன் விழுந்தான். பத்துத் தடவை முயன்றும் அதைத் தாண்ட முடியவில்லை.

அண்ணன் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு தன் கட்டைவிரலைப் பார்த்தான்.

"இது டிவி இல்ல" என்றான். "இது கைதான்."

இல்லை என்று சொன்னால் பொய். வீடியோ எடுத்து எண்ணிக் காட்ட இங்கே ஒன்றுமில்லை.

"ஆமாண்ணா" என்றாள்.

அண்ணன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ஆறுதல் சொல்லியிருந்தால் அவன் எழுந்து போயிருப்பான். அந்த 'ஆமாண்ணா'தான் அவனை உட்காரவைத்தது என்று பின்னாளில் அவனே சொன்னான்.

"எல்லாமே கைன்னு நினைச்சேன். பாதி வயருல போச்சு, பாதிதான் கையில. பாதின்னா ஒரு அளவு இருக்கு. அளவு தெரிஞ்ச சுமையை நான் தூக்காம விட்டதில்ல." பிறகு தரையைச் சுற்றிப் பார்த்தான். "அந்த ரப்பர் பந்து எங்க போய்த் தொலைஞ்சுது?"

அண்ணி துடைப்பத்தை விட்டு சோபாவுக்கு அடியிலிருந்து அதைத் தள்ளி எடுத்தாள்.

அதற்குப் பிறகு அவன் ஒரு நாளும் பிசியோவைத் தவறவிடவில்லை. மூன்றாவது வாரம் அங்கே ஒரு சங்கதி நடந்தது. பயிற்சி அறையில் கை வராதவர்களுக்காக ஒரு பலூன் விளையாட்டு உண்டு. திரையில் எழும்பும் பலூனைப் பொத்தான் அமுக்கி உடைக்க வேண்டும். ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட் அம்மா ஒருவர் நான்கு மாதமாக அதில் பத்துக்கு இரண்டைத் தாண்டவில்லை. அன்றைக்கு அவர், இனி வரமாட்டேன், பேருந்துக் கட்டணம்தான் தண்டம் என்று பையை எடுத்துக்கொண்டார். வரிசையில் காத்திருந்த அண்ணன் அவர் விரலையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, ஒரு நிமிஷம் உக்காருங்க" என்றான். பிசியோவிடம், "இந்த டிவி ரிமோட்டைக் கொஞ்சம் குடுங்க" என்றான்.

மெனுவுக்குள் போனான். மெருகு, வழவழப்பு என்று இருந்த எல்லாவற்றையும் அணைத்தான், கேம் மோடைப் போட்டான். டைப்பிஸ்ட் அம்மா அவநம்பிக்கையோடு பொத்தானைத் தொட்டார். பத்துக்கு ஆறு உடைந்தன. பையைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு ஆட்டம் கேட்டார். பிசியோவுக்கு முகம் சிவந்துவிட்டது. அன்று மாலையே எல்லா நோயாளிகளின் பழைய மதிப்பெண்களையும் அடித்துவிட்டு, ஒவ்வொருவரையும் முதலிலிருந்து சோதித்தாள்.

கண்ணாடிக்கு அண்ணன் இதைப் போனில் சொன்னபோது, அவள் கடையில் வாடிக்கையாளர் கண்முன் லென்ஸைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

கிரேன் ஏற டாக்டர் ஒப்பவில்லை. ஒரு வருடம் போகட்டும், பார்க்கலாம் என்றார். கம்பெனி அவனைக் கீழே நிறுத்தி, வாக்கிடாக்கியோடு மேலே இருப்பவருக்கு வழி சொல்லும் வேலை கொடுத்தது. முதல் நாள் முடிந்து வந்தவன் முகம் எப்படி இருக்குமோ என்று இரண்டு பெண்களும் கவலையோடு காத்திருந்தார்கள். அவன் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தான்.

"நாளெல்லாம் அண்ணாந்து பாத்து கழுத்து போச்சு. ஆனா ஒண்ணு, இருபத்திரண்டு வருஷமா உள்ள உக்காந்து ஓட்டுனேனே தவிர, அது திரும்பற அழகைக் கீழேயிருந்து நான் பாத்ததே இல்ல."

"அழகை அப்புறம் சொல்லுங்க" என்றாள் அண்ணி. நாற்காலியை அவளே பிடித்துக்கொண்டு, குண்டு கன்ட்ரோலரோடு உட்கார்ந்திருந்தாள். "நாலாவது பாலத்துல ஒரு ஆந்தை வந்து குடையைப் பிடுங்குது. அதை என்ன பண்ணணும்?"

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான்காவது பாலம்வரை அவர்கள் இருவரும் ஒரு நாளும் போனதே இல்லை.